உள்ளே விட்ட துணி

பாதி பிளேடு விரல்களுக்கு நடுவே இருந்தது. பச்சைப் பட்டு ரவிக்கையின் பக்கத் தையலை அந்தக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, துணியை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து, அறுந்த நூலைக் கிள்ளி எடுத்தன. பிளேடு போகும் வழியில் துணிக்கு அடியில் இடது சுட்டுவிரலும் கூடவே ஊர்ந்தது. பட்டு கிழிவதற்கு முன் விரல் கிழியட்டும் என்பது அந்தக் கைகளின் பழக்கம். தையல் பிரிந்ததும் உள்ளே மடித்து விட்டிருந்த துணி வெளியே வந்தது. பிறகு தேவைப்படும் என்று வெட்டும்போதே விட்டு வைத்தது.

“ஏன்டி, துணி குடுத்து ஒரு மாசமாறது. போட்டா மூச்சு முட்டறதுன்னா என்ன அர்த்தம்?” என்றாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமி.

“போன ஏகாதசிக்குத்தானே மாமி குடுத்தீங்க? ஜாக்கெட் அளவு சரியாத்தான் இருக்கு. நடுவுல எத்தன வீட்டுல சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டீங்கன்னு நான் கேக்கலயே.”

“வாய் மட்டும் கொள்ளிடம் வரைக்கும் நீள்றது உனக்கு.”

காளியாயியின் தையல் கடை ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு மெஷின், வெட்டும் மேஜை, அளவு பார்க்க ஒரு திரைச்சீலை மறைப்பு. அவள் திருவெள்ளறையில் பிறந்தவள். தையல் பள்ளிக்குப் போனதில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் கிழிந்த ரவிக்கைகளைப் பிரித்து, செய்தித்தாளின் மேல் வைத்து வரைந்து, திரும்பத் தைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கணவர் இறந்த பிறகு அதுவே பிழைப்பானது.

அளவு டேப்பில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. நாள் கணக்கில்தான் அவளிடம் உண்மை கிடைக்காது. தையல் கடையில் யாரிடமும் கிடைக்காது. புதன்கிழமை முடியும் துணிக்கு ‘சனிக்கிழமை வாங்க’ என்பாள். வெள்ளிக்கிழமை கொடுத்துப் போனவர்கள் ‘ஒரு மாசமாச்சு’ என்று வந்து நிற்பார்கள். பொய் என்று இரு தரப்புக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. துணியில் உள்ளே கொஞ்சம் விடுவதைப் போல நாளிலும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் பின்னால் சிக்கல் வராது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு நாள் கடைக்கு வெளியேயும் கொண்டுபோனாள்.

அவள் தம்பி வீரமலை உறையூரில் இருக்கிறான். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். அவன் மனைவி பானுப்ரியா தெப்பக்குளத்துக்கு அருகில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறாள். போன வருடம் ஆடித் தள்ளுபடிக்காகக் கடையில் புதுச் சீருடைச் சேலை கொடுத்தார்கள். அதற்கு ரவிக்கை தைக்க பானு ஸ்ரீரங்கம் வந்திருந்தாள். அளவு பார்க்க மாட்டிவிட்டபோது இடது பக்கம் துணி லேசாக இழுத்தது. நூல் அளவு வித்தியாசம்தான். முந்தின தீபாவளிக்குத் தைத்தபோது அது இல்லை. காளியாயி விரலை வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

“இது எப்பருந்துடி?”

“ஒரு மாசமா இருக்கு அண்ணி. வலிக்கல. அதான் விட்டுட்டேன்.”

“வலிக்கலன்னா விட்டுருவியா? சேலைய மட்டும் நல்லாப் பிரிச்சுக் காட்டு.”

மறுநாளே நகரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனாள். வீரமலை வேலைக்குப் போயிருந்தான். அறைக்கு வெளியே அவ்வளவு கூட்டம். உள்ளே பெலிண்டா என்ற இளம் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டார்.

பானு வாயைத் திறப்பதற்குள் காளியாயி முந்திக்கொண்டாள். “ரெண்டு வருஷமா இருக்குங்க டாக்டர். இவ வெளிய சொல்ல மாட்டா.”

டாக்டர் நிமிர்ந்து பானுவைப் பார்த்தார்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. கணவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஒரு கிளினிக்கில் இதே கேள்வியை அவளிடம் கேட்டார்கள். ‘இன்னைக்குக் காலையிலருந்துதான்’ என்று உள்ளதைச் சொன்னாள். வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் இல்லை. நாளைக் குறைத்துச் சொன்னால் நோயாளியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அன்றைக்கு அவள் மனதில் பதிந்துபோனது.

சோதனையில் புற்றுநோய் என்று வந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோவும், அதோடு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஊசியும் ஏற்ற வேண்டும், ஊசி மட்டும் ஒரு வருடம் தொடர வேண்டும் என்றார்கள். ஒரு ஊசியின் விலை வீரமலையின் மாதச் சம்பளத்தை விழுங்கியது. அரசுக் காப்பீட்டு அட்டை கேட்டுப் போனால் வருமானம் வரம்புக்கு மேல் என்றார்கள். ஆனால் அவனிடம் ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தது. நோய் தெரிவதற்கு முந்தின வருடம் தையில், அதே தெருவில் இருக்கும் ஏஜெண்ட் சித்தார்த்தன் பேசிப் பேசிப் போட வைத்தது. அதை நம்பித்தான் கடன் வாங்கி அறுவை சிகிச்சைக்குக் கட்டினான்.

ஐப்பசியில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது காளியாயி உறையூர் வீட்டில் இருந்தாள். வீரமலையோடு வேலை செய்யும் ஆசீர் ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னான்.

“கட்டி ரெண்டு வருஷமா இருந்திருக்கு, அத மறைச்சு பாலிசி எடுத்துட்டீங்க, அதனால பணம் தர முடியாதுன்னு போட்டிருக்காங்கண்ணே.”

“ரெண்டு வருஷமா? எவன் சொன்னான்?” வீரமலை கடிதத்தைப் பிடுங்கினான்.

கேட்டவுடனே காளியாயிக்குத் தெரிந்துவிட்டது. தன் குரலிலேயே அது காதில் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த பானு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“அந்த டாக்டர் பொண்ணு ஏதாவது தப்பா எழுதியிருக்கும்டா” என்றாள் காளியாயி.

“டாக்டர் ஏன் தப்பா எழுதப் போறாங்க? இந்த சித்தார்த்தன் பய ஃபாரத்துல ஏதோ எழுதித் தொலச்சிருக்கான். கமிஷன் வாங்கறதோட சரி.”

அவள் மறுக்கவில்லை. மறுநாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் டீக்கடையில், பத்துப் பேர் பார்க்க, வீரமலை சித்தார்த்தனின் கன்னத்தில் அறைந்தான். ஆசீர்தான் இழுத்துக்கொண்டு வந்தானாம். அந்தச் செய்தி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது காளியாயி ஒரு கழுத்துப் பட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி கோட்டை விட்டு விலகியது. துணி கொடுத்தவருக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

அதன் பிறகு கொடுக்க ஆரம்பித்தாள். ஏலச் சீட்டை நிறையத் தள்ளுபடி விட்டு, முடியும் முன்பே எடுத்தாள். ஓரம் அடிக்கும் மெஷினை விற்றாள். இப்போது ஓரம் அடிக்க வேண்டிய துணியையெல்லாம் மூட்டை கட்டி சாத்தார வீதியில் இன்னொரு கடைக்குக் கொண்டுபோய் வருகிறாள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் உறையூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு கவரைத் தம்பி கையில் கொடுப்பாள்.

“எங்கம்மா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்காதுக்கா” என்று வீரமலை கண் கலங்குவான். பட்டறையில், பக்கத்து வீட்டில், மருந்துக் கடையில், எல்லாரிடமும் சொன்னான். ஒரு நாள் மருத்துவமனை வரிசையில் நின்றிருந்த யாரோ ஒரு அம்மா அவளைப் பார்த்து, “நீங்கதான் அந்த நாத்தனாரா? உங்களமாதிரி எங்க வீட்டுல ஒண்ணு இல்லயேம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். காளியாயி கையை விடுவித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். தண்டம் கட்டுபவளைக் கொடையாளி என்று ஊர் சொன்னால் அதைத் திருத்த வேண்டும். திருத்தினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சித்தார்த்தன் கடைக்கு வந்தான்.

“உங்க தம்பி என்னப் பாத்தா எதிர் பிளாட்பாரத்துக்குப் போயிடறாரு. அவரு கை வெல்டிங் கைக்கா, பல்லு இன்னும் ஆடுது. பரவால்ல, வீட்டுல நோயாளிய வச்சிக்கிட்டு இருக்கற மனுஷன். நீங்களாவது கேளுங்க.”

“உக்காருப்பா.”

“ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுல ‘கூட வந்தவங்க சொன்னது’ன்னு இருக்கு. பானுக்கா சொன்னதா இல்ல. அப்படிச் சொன்னவங்க யாருன்னு பாத்து, தெரியாம சொல்லிட்டேன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டரும் ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தா, மேல்முறையீடு பண்ணலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு வழி இருக்கு. வைகாசி கடைசிக்குள்ள போடணும். யாருக்கா அன்னைக்குக் கூடப் போனது?”

காளியாயி மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நூல் அறுந்தது.

“கேட்டுப் பாக்குறேன்” என்றாள்.

அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. காபி குடித்துவிட்டு, “சீக்கிரம் கேளுங்கக்கா” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அடி வாங்கியவன் கும்பிட்டுவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். பணம் கொடுப்பது சொல்வதைவிட எளிதாக இருந்தது. சித்திரை போயிற்று. வைகாசி பாதி போயிற்று.

கீமோ முடிந்து பானுவுக்கு முடி திரும்ப முளைத்திருந்தது. ஊசி பாதி பாக்கி. முகூர்த்தக் கூட்டம் வருவதால் திரும்பி வந்தால் பழைய இடமே தருவதாக ஜவுளிக்கடையில் சொன்னார்கள். சீருடை ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் சரிந்து மேலே ஏறியது. சேலைப் பிரிவில் நாள் முழுக்கக் கையைத் தூக்கி மேல் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். “எல்லாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க அண்ணி” என்றாள் போனில்.

காளியாயி நைந்த வேட்டித் துணியில் உள்பை ஒன்று தைத்தாள். முதலில் இலவம் பஞ்சு வைத்தாள். கனமில்லாததால் ரவிக்கை ஏறியது. கம்புத் தானியம் வைத்தாள். வியர்வை பட்டு ஊறிப்போனது. கடைசியில் நடுவில் கடுகும் சுற்றிலும் பஞ்சுமாகச் சின்னப் பை ஒன்று தைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி உள்பையில் செருகினாள். ஞாயிற்றுக்கிழமை பானுவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் போய் வருவதாக வீரமலை கிளம்பினான்.

திரைச்சீலைக்குப் பின்னால் பானு சேலையை விலக்கி நின்றாள். தழும்பைக் காளியாயி அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ரவிக்கையை மாட்டிவிட்டு, பக்கத் தையலைப் பிடித்தாள்.

“அன்னைக்கு நான் பக்கத்துலதானே அண்ணி உக்காந்திருந்தேன்” என்றாள் பானு.

காளியாயியின் வாயில் குண்டூசிகள்.

“உங்க தம்பி அந்தாள அடிச்சாரே, அப்பவே சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லல. சொன்னா அவரு உங்க மூஞ்சில முழிக்க மாட்டாரு. அப்புறம் ஊசிக்கு யாரு குடுப்பா? நீங்க பயத்துலதான் குடுக்கறீங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன். அது மட்டும் நல்லாவா இருக்கு?”

காளியாயி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டுப் பட்டையில் குத்தினாள்.

“டாக்டரு உன்னத் திரும்பிப் பாக்கணும்னுதான்டி…”

“பாத்தாங்களே. நீங்க ரெண்டு வருஷம்னதும்தான் கம்ப்யூட்டர விட்டுட்டு என்னப் பாத்தாங்க. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுச்சு. இல்லங்க, ஒரு மாசம்தான்னு நானும் திருத்தல.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். காளியாயி முழங்காலிட்டு ரவிக்கையின் அடிப் பட்டியைச் சரிபார்த்தபடி, முகத்தைத் தூக்காமல் சொன்னாள்.

“சித்தார்த்தன் ஒரு வழி சொன்னான். சொன்னவங்களே எழுதிக் குடுத்தா மேல்முறையீடு போடலாமாம். இந்த மாசக் கடைசிதான் கெடு.”

“எப்பச் சொன்னாரு?”

போன வாரம் என்று வாய் வரை வந்தது.

“பங்குனியில.”

பானு கண்ணாடியில் அவளையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “கையத் தூக்கிப் பாக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். தூக்கினாள். ரவிக்கை ஏறவில்லை. தோளில் மட்டும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது.

வீரமலை வந்தபோது கையில் மூன்று இளநீர் இருந்தது. “அக்கா, உனக்கு வழுக்க போட்டது” என்று நீட்டினான். காளியாயி வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“வீரா, அந்த ரெண்டு வருஷம்ங்கறது நான் சொன்னது.”

“எந்த ரெண்டு வருஷம்?”

“டாக்டர்கிட்ட. பானு ஒண்ணும் சொல்லல. நான்தான் முந்திக்கிட்டுச் சொன்னேன். சித்தார்த்தன் எதையும் தப்பா எழுதல. டாக்டரும் எழுதல. கடுதாசி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

அவன் மனைவியைப் பார்த்தான். பானு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் அவன அடிச்சேனேக்கா” என்றான். “அத்தன பேர் முன்னாடி அடிச்சேன். நீ கேட்டுக்கிட்டு இருந்தியே.”

அவன் வண்டியை எடுத்தான். பானு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காத குரலில், “அவரு இனிமே வாங்க மாட்டாரு. அடுத்த ஊசிக்கு என் கையில குடுங்க” என்றாள். வண்டி சந்து முனை திரும்பியது. இளநீர் மேஜை மேலேயே இருந்தது.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு உறையூர் போனாள். சித்தார்த்தன் வீட்டு வாசலில் நின்று, அவன் அம்மாவும் கேட்கிற மாதிரி, டாக்டரிடம் அப்படிச் சொன்னது தான்தான் என்று சொன்னாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். “அப்ப அன்னைக்குக் காபி குடுத்தீங்களே, அது இந்த அடிக்குத்தானா?” என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு வெள்ளைத்தாள் எடுத்துவந்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் பெலிண்டாவைப் பார்க்கப் போனபோது காளியாயி ஒரு பையில் பானுவின் இரண்டு ரவிக்கைகளை எடுத்துப் போயிருந்தாள். முந்தின தீபாவளிக்குத் தைத்தது, ஆடிக்குத் தைத்தது.

“ரெண்டையும் பாருங்கம்மா. தீபாவளி ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. அப்பக் கட்டி இருந்திருந்தா என் கைக்குத் தெரிஞ்சிருக்கும்.”

டாக்டர் இரண்டையும் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார். “எனக்குப் புரியுதும்மா. ஆனா இத ஃபைல்ல வைக்க முடியாது” என்றார். “எழுதினத நான் மாத்தவும் மாட்டேன். அன்னைக்கு இதத்தான் சொன்னீங்க. ஆனா நோயாளி சொல்லல, கூட வந்தவங்க சொன்னது, இப்ப அவங்களே மறுக்கறாங்கன்னு ஒரு குறிப்பு தரேன்.” கொஞ்சம் தயங்கி, “நானும் பானுகிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம்” என்றார்.

கெடுவுக்கு முன்னாலேயே எல்லாம் போய்ச் சேர்ந்தது. பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம் என்று சித்தார்த்தன் சொல்லிவிட்டான். வீரமலை அவன் வீட்டுக்குப் போனதாகவும், வாசலில் வெகுநேரம் நின்றதாகவும் பானு போனில் சொன்னாள். அக்காவுக்கு அவன் போன் செய்யவில்லை.

பானு வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளன்று, கடை திறந்த உடனேயே அவன் வண்டி வந்து நின்றது. இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஜாக்கெட்ட வாங்கிட்டு வரச் சொன்னா.”

“ஆயிடுச்சு.” கடைசிக் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் நூலை வெட்டினாள்.

“கூலி எவ்வளவு?”

அவன் வீட்டுத் துணிக்கு அவள் ஒரு நாளும் கூலி வாங்கியதில்லை. அவனும் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் அவன் ரவிக்கையை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“லைனிங்கோட முந்நூத்தம்பது.”

அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கல்லா மேஜை மேல் பணத்தை வைத்தான். அவள் மாற்றுக்கு ஒன்றும் சேர்த்து இரண்டு கடுகுப் பைகளை ரவிக்கைக்குள் வைத்து, கொக்கிகளை மாட்டி, மடித்துக் காகிதத்தில் சுற்றினாள். “பைய வெயில்ல காயப் போடச் சொல்லு. ஈரத்தோட வைக்கக் கூடாது” என்று வாசற்படி வரை வந்து நீட்டினாள்.

அவன் எஞ்சினை நிறுத்தினான். இறங்கி வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.